டிஸ்சார்ஜ் சீட்டோடு கைகழுவாதீர்!

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையை வாரக்கணக்கில் இன்குபேட்டரில் வைத்து, மூச்சுக்குத் துணைநின்று, குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பால் ஏற்றிக் காப்பாற்றும் திறமை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு இருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் ஆயிரத்துக்கு 20, தமிழ்நாட்டில் 9. இந்த எண்ணை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படும் சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காப்பாற்றிய குழந்தையை எந்த ஏற்பாட்டோடு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

பெரும்பாலும் அந்த ஏற்பாடு ஒரே தாளில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த டிஸ்சார்ஜ் சீட்டு, இரும்புச்சத்துக்கும் வைட்டமின் டிக்கும் சொட்டு மருந்து, ‘ரெண்டு வாரம் கழிச்சு ஓ.பி.க்குக் கொண்டு வாங்கம்மா’ என்ற வாய்வார்த்தை. நேற்று இரவுவரை அந்தக் குழந்தையின் மூச்சை மானிட்டர் எண்ணியது. உடல்சூட்டை வார்மர் காத்தது. பாலைச் செவிலியர் மில்லிலிட்டர் கணக்கில் அளந்து கொடுத்தார். இன்று மாலையிலிருந்து இந்த மூன்று வேலைகளும் பிரசவக் களைப்பு தீராத ஒரு பெண்ணின் தலையில். அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? அவர் கற்றுக்கொண்டாரா என்று பார்த்தது யார்? நள்ளிரவில் குழந்தை நீலம் பாரித்தால் அவர் யாரை அழைப்பது? இந்தக் கேள்விகளுக்குச் சீட்டில் இடமே இல்லை. நிர்வாகத்தின் இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. 1996 ஆகஸ்டில், சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். மூன்று வாரங்களுக்கு மேல் சிகிச்சை பெற்று, செப்டம்பரில் அந்தக் குழந்தை வீடு திரும்பியது. உயிர் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் விழித்திரை நோய் அதன் கண்களைப் பறித்துக்கொண்டது. உரிய நாளில் கண்ணைப் பரிசோதித்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குழந்தைக்கு இப்படியொரு கண்நோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கை எதுவும் டிஸ்சார்ஜ் குறிப்பில் இல்லை என்பதைத் தீர்ப்பு குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் விரல் வைத்த இடம் அந்தச் சீட்டுதான். அதற்குப் பிறகாவது மாநிலம் முழுவதும் அந்தச் சீட்டின் வடிவத்தைத் திருத்தி எழுதியிருக்க வேண்டாமா?

இந்த நோயின் இயல்பைப் புரிந்துகொண்டால் அலட்சியத்தின் கனம் விளங்கும். நிறைமாதத்தை நெருங்கும்போதுதான் விழித்திரையின் ரத்தநாளங்கள் வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி வெளியே, ஆக்சிஜன் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே நடக்கிறது. நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. முற்றிய நிலை தெரிந்தால் லேசர் சிகிச்சைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் அவகாசம். எனவேதான் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு நெறிமுறை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 வாரத்தில், 1,700 கிராமில் பிறந்து, நன்றாகத் தேறி, இரண்டே வாரத்தில் வீடு போகும் குழந்தைக்கு அந்த 30ஆவது நாள் வீட்டில்தான் வருகிறது. ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்பப்படும் குழந்தைகளே பரிசோதனையிலிருந்து நழுவுகிறார்கள். தேதியும் இடமும் எழுதிக் கொடுக்காத சீட்டு அவர்களைக் கைவிடுகிறது.

கண்ணோடு முடியவில்லை. நீண்ட நாள் சிகிச்சை, கடும் மஞ்சள் காமாலை, சிலவகை நோய்முறி மருந்துகள் ஆகியவை செவித்திறனைப் பாதிக்கக்கூடும். ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினால்தான் அந்தக் குழந்தைக்குப் பேச்சு உரிய காலத்தில் வரும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோயும் பிறவிச் செவித்திறன் குறைபாடும் இடம்பெற்றுள்ளன. மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அதற்காகவே உருவாக்கப்பட்டன. ஆனால் அப்படியொரு மையம் தன் மாவட்டத்தில் இருப்பதையே அறியாமல் எத்தனை தாய்மார்கள் வீடு திரும்புகிறார்கள்!

வீட்டில் நடக்க வேண்டியதைப் பார்ப்போம். குறைமாதக் குழந்தையால் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயோ தந்தையோ பாட்டியோ வெறும் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைத் தினமும் பல மணி நேரம் தொடர வேண்டும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒருங்கே கைகூடுவதே 34ஆவது வாரத்தை ஒட்டித்தான். ஆகவே பல குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையில் புரையேறாமல் புகட்ட வேண்டும். வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும். நெஞ்சு உள்வாங்குகிறதா, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, கைகால் சில்லிட்டுப் போகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்துப் போட வேண்டும். வளர்ச்சியை மட்டும் பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்து அளக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராததால், ‘இன்னும் தலை நிக்கலையே’ என்று அக்கம்பக்கம் கேட்கும்போதெல்லாம் தாய் குற்றவாளியாக நிற்கிறாள். சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், உரைமருந்து, வரிசைகட்டி வரும் விருந்தாளிகள் எல்லாவற்றையும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு ஒரு மருமகளுக்கு எங்கிருந்து வரும்? மருத்துவமனை அவள் மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் வரும்.

இவற்றைக் கடைசி நாள் காலையில் பத்து நிமிடத்தில் கற்றுத்தர முடியாது. வீட்டுப் பராமரிப்புக்கான திட்டமிடல், பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் குழந்தை சேர்ந்த முதல் நாளே தொடங்க வேண்டும். இதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பெற்றோரைச் சிறப்புப் பிரிவுக்குள் அனுமதித்து, குழந்தைப் பராமரிப்பில் பங்கெடுக்கவைக்கும் வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017இலேயே வெளியிட்டுவிட்டது. இந்தியாவும் பங்குபெற்று 2021இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாட்டு ஆய்வு, பிறந்தவுடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைவதைக் காட்டியது. 2022 நவம்பரில் அந்த நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகள், மருத்துவமனையில் குடும்பத்தின் பங்கேற்பு, வீடு திரும்பிய பின் பயிற்சி பெற்ற பணியாளரின் வீட்டு வருகை, பெற்றோருக்கான விடுப்பு மூன்றையும் வலியுறுத்தின. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்போ, ஆபத்து நிறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்முன் குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்களாவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2008இலேயே எழுதிவைத்தது. இங்கே ஒருவருக்கே உருப்படியான பயிற்சி இல்லை. தாய் வராந்தாவில் காத்துக் கிடக்கிறாள். பால் பீய்ச்சிக் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் கதவு திறக்கிறது.

வீடு போன பிறகு யார் வருகிறார்கள்? 2011இல் தொடங்கிய பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆவது நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்கச் சொல்கிறது. எடை குறைந்த குழந்தைகளையும் சிறப்புப் பிரிவிலிருந்து திரும்பிய குழந்தைகளையும் அதன் பிறகும் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 28 வாரத்தில் பிறந்த குழந்தை இரண்டு மாதம் மருத்துவமனையிலேயே இருக்கும். அது வீட்டு வாசலை மிதிக்கும்போது ஊரார் குழந்தைகளுக்கான 42 நாள் அட்டவணை முடிந்தே போயிருக்கும். இப்படி வீட்டுக்குச் செல்ல வேண்டிய ஆஷா பணியாளர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலுமே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் சுமை முழுவதும் கிராம சுகாதார செவிலியர் மீது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், கணினிப் பதிவு எல்லாம் பார்க்கும் அந்தச் செவிலியருக்கு, பாலாடையில் பால் புகட்டும் குழந்தையைக் கையாளத் தனிப் பயிற்சி எங்கே? நேரம் எங்கே?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். கர்ப்பப் பதிவு கணவர் ஊரில், பிரசவம் மருத்துவக் கல்லூரியில், குழந்தை வளர்வது பாட்டி வீட்டில். மூன்றும் மூன்று மாவட்டங்களாகவும் இருக்கலாம். ‘எங்க ஏரியா இல்ல’ என்று எல்லாத் தரப்பும் சொல்லும் இடைவெளியில்தான் குழந்தை காணாமல் போகிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எண் கொடுத்து, பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கும் பிக்மி பதிவு முறை கையில் இருக்கிறது. சிறப்புப் பிரிவுகளுக்குத் தனிக் கணினிப் பதிவும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, டிஸ்சார்ஜ் அன்றே குழந்தை போகும் ஊரின் செவிலியருக்குத் தகவல் போகச் செய்வது சந்திரயானை ஏவும் வேலையா?

வீடு தேடிப் போகத் தெரியாத அரசும் அல்ல இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சை தருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பு தருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் பைகளைக்கூடச் சேர்க்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. பாராட்டுகிறோம். அறுபது வயது நீரிழிவு நோயாளியின் கதவைத் தட்டும் அதே அரசு, 1,400 கிராம் குழந்தை இருக்கும் வீட்டை ஏன் தாண்டிப் போகிறது?

பணத்துக்கு வருவோம். குழந்தை படுக்கையில் இருக்கும்வரை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும். நோயுற்ற குழந்தைக்கு ஓராண்டு வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டமும் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குள் வரும் செலவு யார் கணக்கு? நுரையீரல் முதிராமல் சில மாதங்கள் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் குடும்பமே வாடகைக்கோ விலைக்கோ தேட வேண்டியிருக்கிறது. சுமார் 300 வாட் இழுக்கும் கருவி இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 7 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடும். மின்வெட்டு வந்தால்? மாற்று சிலிண்டர் எங்கே? இதை யோசிக்காமல் ‘ஹோம் ஆக்சிஜன்’ என்று எழுதிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது, பொறுப்பை இறக்கிவைப்பது.

விடுப்பிலும் இதே கண்மூடித்தனம். தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களில் 2017 திருத்தச் சட்டம் தந்தது 26 வாரம். குழந்தை இரண்டு மாதம் சிறப்புப் பிரிவில் இருந்தால், அந்த 26இல் 8 வாரத்துக்கு மேல் வராந்தாவிலேயே கரைந்துவிடும். குழந்தைக்குத் தாய் மிகவும் தேவைப்படும் மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. தந்தைக்கோ தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்த 28 நாட்களுக்குள் சேர்க்கப்பட்டு 7 நாட்களோ அதற்கு மேலோ தொடர் சிகிச்சை பெறும் குழந்தையின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு சட்டமாகிவிட்டது. 2020இல் உலகில் பிறந்த ஏறத்தாழ 1.34 கோடி குறைமாதக் குழந்தைகளில் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். உலகிலேயே மிக அதிகம். அந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்கு இந்தச் சிந்தனை எப்போது வரும்?

தனியார் மருத்துவமனைகளும் தப்பிவிட முடியாது. நாள் கணக்கில் ஏறும் கட்டணத்தைத் தாங்க முடியாமல் நகை, நிலம் எல்லாம் தீர்ந்த குடும்பம், ‘சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. அந்தக் கையெழுத்து மருத்துவமனையைச் சட்டத்திலிருந்து காக்கலாம், மனசாட்சியிலிருந்து காக்காது. பணம் தீர்ந்தால் அரசுப் பிரிவுக்கு முறையாக மாற்றிவிடும் ஏற்பாடு இல்லாமல், இன்குபேட்டரிலிருந்து குழந்தையை நேரே ஆட்டோவில் ஏற்றுவதை எந்த மருத்துவ அறம் அனுமதிக்கிறது?

‘ஆள் பற்றாக்குறை’ என்ற பதில் தயாராக இருக்கும். இருப்பது உண்மையே. இரவும் பகலும் ஓடும் சிறப்புப் பிரிவுச் செவிலியர்கள் மீது நமக்குக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பலர் தங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு துறையின் கடமை தனிமனிதர் நல்லெண்ணத்தில் தொங்குவதே வெட்கக்கேடு. தமிழில் ஒரு படிவம் அச்சிட ஆள் பற்றாக்குறை தடையா? கண் பரிசோதனைத் தேதியை எழுத நிதி ஒதுக்கீடு வேண்டுமா?

எனவே இவற்றைக் கோருகிறோம்.

ஒன்று: 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த எந்தக் குழந்தையையும், தமிழில் எழுதப்பட்ட வீட்டுப் பராமரிப்புத் திட்டம் இல்லாமல் அனுப்பக் கூடாது. கண், செவிப் பரிசோதனைகளின் தேதி, இடம், செய்யப்போகும் மருத்துவர், அபாய அறிகுறிகள், மருந்தின் அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவரும் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும்.

இரண்டு: தாய் உட்பட இரண்டு பேர் பாலாடை, கங்காரு பராமரிப்பு, மூச்சு நின்றால் செய்ய வேண்டிய முதலுதவி ஆகியவற்றைத் தாங்களே செய்துகாட்டிய பிறகே டிஸ்சார்ஜ். கடைசி சில நாட்கள் தாயும் சேயும் ஒரே அறையில் தங்கிப் பழக இடம் வேண்டும்.

மூன்று: வீடு சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் செவிலியரின் முதல் வருகை. குழந்தை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் செவிலியருக்கு பிக்மி வழியே தானாகத் தகவல் போக வேண்டும்.

நான்கு: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் குறைமாதக் குழந்தைப் பராமரிப்பைத் தனிச் சேவையாகச் சேர்த்து, அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியரை ஒவ்வொரு வட்டாரத்திலும் நியமிக்க வேண்டும். இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று மாவட்டந்தோறும் வேண்டும்.

ஐந்து: வீட்டு ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைகளுக்குக் கருவியை அரசே இரவலாகத் தர வேண்டும், அந்த வீட்டின் கூடுதல் மின்கட்டணத்தையும் ஏற்க வேண்டும்.

ஆறு: குழந்தை சிறப்புப் பிரிவில் இருக்கும் நாட்களை மகப்பேறு விடுப்பில் கழிக்கக் கூடாது. மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். மாநில அரசு தன் ஊழியர்களிடமிருந்து தொடங்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அதே நாட்களுக்கான உதவித்தொகை வேண்டும்.

ஏழு: இவை அனைத்தும் தனியாருக்கும் பொருந்த வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கையில் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்புத் திட்டம் தராத பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.

இவற்றில் முதல் மூன்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். சுகாதாரத் துறைச் செயலரின் ஓர் உத்தரவு போதும். ஆண்டுதோறும் நவம்பர் 17 அன்று உலகக் குறைப்பிரசவ நாளுக்கு ஊதா விளக்கு போட்டுக் கொண்டாடும் துறை, வரும் நவம்பர் 17க்குள் ஒரு கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். எத்தனை குறைமாதக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பினீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு உரிய நாளில் கண்ணையும் காதையும் சோதித்தீர்கள், எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியவில்லை? மாவட்டவாரியாக வெளியிடுங்கள். வெளியிடத் தவறினால், இனிப் பார்வை இழக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு தெரிந்தே ஏற்கப்பட்ட பொறுப்பாகும். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று இனி எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.